விரிசல் படத்தில் இருந்தது!

பாலங்களில் ஒளிந்திருக்கும் பழுதைத் தேட வந்துவிட்டது செயற்கை நுண்ணறிவு. அது எழுப்பும் எச்சரிக்கையைக் கேட்க நாம் தயாரா?

2021 மே 11. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரம். மிசிசிப்பி ஆற்றின் மேல் நிற்கும் ஹெர்னாண்டோ டி சோட்டோ பாலத்தில் வழக்கமான ஆய்வு நடந்துகொண்டிருந்தது. வளைவின் இரு முனைகளும் விலகிவிடாமல் இழுத்துப் பிடிக்கும் பெட்டி வடிவ எஃகு கர்டரை ஆய்வாளர்கள் அருகில் சென்று பார்த்துவந்தார்கள். ஓரிடத்தில் கர்டரின் ஒரு பக்கத் தகடு முழுவதுமாகப் பிளந்து கிடந்தது. அவசர உதவி எண் 911-க்கு உடனே அழைப்பு போனது. பாலத்தில் உள்ள அனைவரையும் இப்போதே வெளியேற்ற வேண்டும் என்றார் ஆய்வாளர்.

பாலத்தின் மேல் தினமும் 40,000-க்கும் மேற்பட்ட வாகனங்கள் ஓடும் ஐ-40 நெடுஞ்சாலைப் பகுதி அன்றே மூடப்பட்டது. கீழே ஆற்றில் சரக்குப் படகுகளும் நிறுத்தப்பட்டன. படகுகள் சில நாளில் நகர்ந்துவிட்டன. பாலம் திறக்க ஏறக்குறைய 3 மாதம் ஆனது. நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதிர்ச்சி அதற்குப் பிறகுதான் வந்தது. பழைய ஆய்வுக் கோப்புகளைப் புரட்டிய அதிகாரிகள், 2019 மே மாதம் ட்ரோன் எடுத்த காணொளியிலேயே அதே விரிசல் இருப்பதைக் கண்டார்கள். 2016-இல் ஆற்றில் சிறு படகில் போன ஒருவர் பாலத்தை அண்ணாந்து எடுத்த புகைப்படத்திலும் அது தெரிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளில் அதைக் குறிப்பிடாத ஊழியர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

ஐந்து ஆண்டுகள் அந்த விரிசல் படத்தில் இருந்திருக்கிறது. அதைத் தேடிப் பார்க்கும் கண்தான் இல்லை.

மூன்று பாலம், மூன்று தவறு

மெம்ஃபிஸை மட்டும் தனியாகப் பார்த்தால் ஓர் ஊழியரின் கவனக்குறைவு என்று முடித்துவிடலாம். அதே நாட்டில் நடந்த இன்னும் இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2007 ஆகஸ்ட் 1. மினியாபொலிஸ் நகரில் மாலை நெரிசல் நேரத்தில் ஐ-35 டபிள்யூ பாலம் வாகனங்களோடு மிசிசிப்பி ஆற்றில் விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். 145 பேர் காயமடைந்தார்கள். இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இணைப்புத் தகடுகள் சில, இருக்க வேண்டிய தடிமனில் பாதிதான் இருந்தன என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. பாலம் கட்டிய 1960-களிலேயே வடிவமைப்புக் கணக்கில் நடந்த பிழை அது. விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. 1999-லும் 2003-லும் எடுத்த ஆய்வுப் புகைப்படங்களில் அந்தத் தகடுகள் வளைந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. படம் எடுத்தார்கள், பார்த்தார்கள். அந்த வளைவு எதன் அறிகுறி என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை.

2018 மார்ச் 15. மியாமியில் ஒரு பல்கலைக்கழகத்துக்காகக் கட்டப்பட்டுவந்த நடைமேம்பாலம், கீழே ஓடிக்கொண்டிருந்த கார்கள் மேல் சரிந்தது. 6 பேர் பலி. இந்தப் பாலத்தில் விரிசலை எல்லோருமே பார்த்திருந்தார்கள். புகைப்படங்கள் கைமாறின. இரண்டு நாள் முன்பே ஒரு பொறியாளர் மாநிலப் போக்குவரத்துத் துறை ஊழியரின் தொலைபேசியில் விரிசலைப் பற்றிக் குரல்பதிவு வைத்திருந்தார். வெளியூர் போயிருந்த ஊழியர் அதைக் கேட்டது பாலம் விழுந்த மறுநாள். விபத்து நடந்த அன்று காலையில்கூட விரிசலைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் நடந்தது. ஆபத்து இல்லை என்று முடிவெடுத்தார்கள். பாலத்தின் அடியில் போகும் சாலையை மூடவில்லை.

மெம்ஃபிஸில் விரிசலை யாரும் பார்க்கவில்லை. மினியாபொலிஸில் பார்த்தும் புரியவில்லை. மியாமியில் பார்த்து, பேசி, பிறகும் நிறுத்தவில்லை. இந்த மூன்றும் வேறு வேறு தவறுகள். செயற்கை நுண்ணறிவு வந்தால் பாலங்கள் பாதுகாப்பாகிவிடும் என்று சொல்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மூன்றில் எதைச் சரிசெய்யப் போகிறீர்கள்?

ஒரே பாலம், ஐந்து மதிப்பெண்

கண்ணால் பார்த்துச் செய்யும் ஆய்வு எவ்வளவு நம்பகமானது என்பதை அமெரிக்க மத்திய நெடுஞ்சாலைத் துறை தானே சோதித்துப் பார்த்திருக்கிறது. 25 மாநிலங்களிலிருந்து 49 ஆய்வாளர்களை வரவழைத்து, அவர்கள் அனைவரையும் ஒரே பாலங்களைப் பார்க்கச் சொன்னது. முடிவுகள் 2001-இல் வெளியாயின. பாலத்தின் தளம், மேற்கட்டுமானம், அடிக்கட்டுமானம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 9 வரை மதிப்பெண் தர வேண்டும். ஒரே பகுதிக்குச் சராசரியாக நான்கைந்து வெவ்வேறு மதிப்பெண்கள் வந்தன. ஒருவருக்கு 'நல்ல நிலை' என்று பட்டது இன்னொருவருக்கு 'மோசம்' என்று பட்டிருக்கிறது. பற்றவைத்த இடங்களில் ஓடும் மெல்லிய விரிசலைத் தேடுவதற்கென்றே நடத்தும் ஆழமான ஆய்விலும் மிகச் சிலரே அதைக் கண்டுபிடித்தார்கள்.

இதில் ஆய்வாளர்களைக் குறை சொல்ல முடியாது. வெயிலில், காற்றில், லாரி போகும்போதெல்லாம் அதிரும் இரும்பின் மேல் நின்றுகொண்டு, ஆயிரக்கணக்கான பற்றவைப்புகளில் தலைமுடி அளவு கோடு ஒன்றைத் தேடுகிறார்கள். முதல் நூறு இடத்தைப் பார்க்கும் கூர்மை ஆயிரமாவது இடத்தில் இருக்காது. போன முறை எதுவும் இல்லாத இடத்தில் இந்த முறையும் எதுவும் இருக்காது என்று மனம் தானே முடிவு செய்துகொள்ளும்.

எந்திரம் நுழைவது இங்கேதான்.

எந்திரம் எப்படிப் பார்க்கிறது?

ட்ரோன் ஒரு பாலத்தைச் சுற்றி வந்தால் பல்லாயிரம் படங்கள் சேர்ந்துவிடும். மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் சிறு கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே கேள்வி: இதில் விரிசல் இருக்கிறதா, இல்லையா?

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல அதைப் பழக்க வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் 2018-இல் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஒரு படத்தொகுப்பை வெளியிட்டது. பாலத் தளம், சுவர், நடைபாதை ஆகியவற்றின் 56,000-க்கும் மேற்பட்ட கான்கிரீட் படங்கள் அதில் உள்ளன. விரிசல் உள்ளது எது, இல்லாதது எது என்று மனிதர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதில் உள்ள மிகச் சிறிய விரிசலின் அகலம் 0.06 மில்லிமீட்டர், மிகப் பெரியது 25 மில்லிமீட்டர். நிழல், கறை, துளை, சொரசொரப்பு என விரிசலைப் போல ஏமாற்றும் அத்தனையும் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருக்கின்றன. இப்படி ஆயிரக்கணக்கான உதாரணங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் மென்பொருள் நிழலின் ஓரத்தையும் விரிசலின் ஓரத்தையும் பிரித்தறியக் கற்கிறது.

அதன் பெரிய பலம் களைப்பின்மை. பத்தாயிரமாவது கட்டத்தையும் முதல் கட்டத்தைப் போலவே பார்க்கும். இரண்டாவது பலம் நினைவு. போன ஆண்டு எடுத்த படத்தையும் இந்த ஆண்டு படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி, 12 சென்டிமீட்டராக இருந்த விரிசல் 15 ஆகியிருக்கிறது என்று சொல்லும். விரிசல் இருப்பதைவிட அது வளர்கிறதா என்பதுதான் பொறியாளருக்கு முக்கியம். கான்கிரீட் என்றால் மயிரிழை விரிசல் இருக்கத்தான் செய்யும். அசையாமல் இருக்கும் விரிசலோடு பாலம் நூறாண்டு வாழலாம்.

பலவீனமும் இருக்கிறது. ஒரு பாலத்துக்கு 20,000 படங்கள் என்று வைத்துக்கொள்வோம். நூறில் இரண்டில் மட்டுமே மென்பொருள் தவறுதலாக 'விரிசல்' என்று சொன்னாலும் 400 பொய் எச்சரிக்கைகள் வரும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளும் பொறியாளர் மூன்றாவது மாதத்தில் எச்சரிக்கைகளைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார். மெம்ஃபிஸில் நடந்தது வேறு வழியில் திரும்பவும் நடக்கும்.

பழகிய இடம் ஒன்று, வேலை செய்யும் இடம் வேறொன்று என்பதும் சிக்கல்தான். பனியும் உப்பும் அரித்த அமெரிக்கக் கான்கிரீட்டைப் பார்த்துக் கற்ற மென்பொருளை நம்மூர்ப் பாலத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும்? பாசி, சுண்ணாம்புப் பூச்சு, பாதி கிழிந்த சுவரொட்டி, கட்சிச் சின்னம் வரைந்து மேலே வெள்ளையடித்த தடம். இவற்றையெல்லாம் அது பார்த்ததே இல்லை. நம் பாலங்களின் படங்களை நம் பொறியாளர்கள் அடையாளமிட்டுக் கொடுத்தால்தான் அது நம்மூருக்குப் பயன்படும்.

தட்டிப் பார்த்திருந்தால்

மேற்பரப்பில் தெரியும் விரிசலுக்குக் கேமரா போதும். உள்ளே இருக்கும் கோளாறுக்கு?

மண்பானை வாங்கும்போது விரல் மடக்கித் தட்டிப் பார்ப்போம். கணீர் என்றால் நல்ல பானை, மொத்தென்று கேட்டால் எங்கோ கீறல். ஜப்பானியப் பொறியாளர்கள் சுரங்கப்பாதைகளையும் பாலங்களையும் இதே முறையில்தான் சோதிக்கிறார்கள். சுத்தியலால் தட்டி, காதால் கேட்டு, கான்கிரீட் உள்ளே பெயர்ந்திருக்கிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பார்கள்.

அதைச் செய்யாமல் விட்டதன் விலை 2012 டிசம்பர் 2 அன்று தெரிந்தது. டோக்கியோவுக்கு மேற்கே சசாகோ சுரங்கப்பாதையில் கூரையிலிருந்து தொங்கிய கான்கிரீட் பலகைகள் ஏறக்குறைய 140 மீட்டர் நீளத்துக்கு விழுந்தன. 9 பேர் இறந்தார்கள். 1977-இல் திறந்த சுரங்கம் அது. பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகள், கூரையில் துளையிட்டுப் பசை வைத்துப் பொருத்தியவை. காலப்போக்கில் பிடிப்பு தளர்ந்திருந்தது. விபத்துக்குச் சில மாதம் முன் நடந்த ஆய்வில் அந்த உயரமான கூரைப் போல்ட்டுகளைத் தட்டிப் பார்க்கவில்லை, கண்ணால் பார்த்ததோடு சரி. அதன் பிறகு ஜப்பான் 5 ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் பாலங்களையும் சுரங்கங்களையும் அருகில் சென்று ஆய்வு செய்வதைக் கட்டாயமாக்கியது.

தட்டுவது எளிது, அந்த ஒலியைப் படிப்பதுதான் பல ஆண்டு அனுபவம் கேட்கும் வேலை. அந்த அனுபவசாலிகள் ஓய்வுபெற்று வருகிறார்கள். அதனால் ஜப்பானிய ஆய்வகங்கள் சுத்தியல் ஒலியைப் பதிவுசெய்து, நல்ல இடத்தின் ஒலி இது, கெட்ட இடத்தின் ஒலி இது என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்கின்றன. மூத்த தொழிலாளியின் காது அடுத்த தலைமுறைக்குப் போய்ச்சேரும் வழி அது.

குளிரா, குறையா?

பாலத்தையே தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பது இன்னொரு வழி. ஒவ்வொரு பாலமும் விநாடிக்கு இத்தனை முறை என்று இயல்பாக அதிரும். அதுதான் அதன் இயல்பு அதிர்வெண். உள்ளே ஏதாவது உடைந்தால் விறைப்பு குறையும், அதிர்வெண் இறங்கும். ஆகவே சென்சார் வைத்து அதிர்வை அளந்தால் பழுது தெரிந்துவிடும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் இசட்-24 பாலம் இதன் சிக்கலைக் காட்டியது. எப்படியும் இடிக்கப்படவிருந்த பாலம் அது. இடிப்பதற்கு முன் 1997-98-இல் ஏறக்குறைய ஓராண்டு அதன் அதிர்வை அளந்தார்கள். பிறகு தூணைக் கொஞ்சம் இறக்கியும் உள்ளிருக்கும் கம்பிகளை வெட்டியும் வேண்டுமென்றே பழுதாக்கி, அப்போது அதிர்வு எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனதும் தார்த்தளம் விறைத்து, பாலத்தின் அதிர்வெண் கணிசமாக ஏறியது. பழுது உண்டாக்கும் மாற்றத்தை வானிலை உண்டாக்கும் மாற்றம் எளிதில் மறைத்துவிடும் என்பது அப்போது பளிச்சென்று தெரிந்தது.

செயற்கை நுண்ணறிவின் உண்மையான உதவி இத்தகைய இடத்தில்தான். வெயில், குளிர், காற்று, வாகன எடை ஆகியவை மாறும்போது பாலம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஆண்டு முழுதும் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. இன்றைய வெப்பநிலைக்கு இந்த அதிர்வு இயல்பானதா, இல்லையா என்று சொல்கிறது. உடைந்த பாலங்களின் தரவு உலகில் மிகக் குறைவு. ஆரோக்கியமான பாலத்தின் தரவோ ஏராளம். எனவே நோயைக் கற்பதைவிட ஆரோக்கியத்தைக் கற்று, அதிலிருந்து விலகுவதைக் கண்டுபிடிப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

ஆனாலும் சென்சார் இருக்கும் இடத்தைத்தான் சென்சார் அறியும். ஸ்காட்லாந்தின் ஃபோர்த் சாலைப் பாலத்தில் 2004-இல் முக்கியக் கேபிள்களைத் திறந்து பார்த்தபோது, அரிப்பால் 8 முதல் 10 சதவீத வலிமை போயிருந்தது. கம்பி அறுந்தால் எழும் ஒலியைப் பிடிக்கக் கேபிள் நெடுக ஒலி சென்சார்கள் பொருத்தினார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் 2015 டிசம்பரில் பாலத்தை மூடவைத்த விரிசல் கேபிளில் வரவில்லை. தளத்தின் அடியில் ஓர் இணைப்பில் வந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் மனித ஆய்வாளர்கள். பயங்கர விபத்து நேரும் முன்பே பார்த்தார்கள், உடனே மூடினார்கள்.

கான்கிரீட்டுக்குள் ஓடும் துரு

கேமராவுக்கும் சிக்காத, தட்டினாலும் தெரியாத பழுதுகளும் இருக்கின்றன. 1967 டிசம்பர் 15 அன்று அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றில் விழுந்து 46 பேரைப் பலிகொண்ட சில்வர் பாலத்தின் அழிவுக்குக் காரணம், ஓர் இரும்புக் கண்ணியின் துளைக்குள் இருந்த சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழ விரிசல். அந்த இணைப்பைக் கழற்றாமல் அதைப் பார்க்கவே முடியாது. அமெரிக்கா முழுவதற்குமான பால ஆய்வு விதிகள் பிறந்தது அந்த விபத்துக்குப் பிறகுதான்.

இத்தாலியின் ஜெனோவா நகரில் 2018 ஆகஸ்ட் 14 அன்று மொராண்டி பாலம் இடிந்து 43 பேர் இறந்தார்கள். அதன் தாங்குகம்பிகள் கான்கிரீட்டுக்குள் மூடிக் கட்டப்பட்டவை. துருவிலிருந்து காப்பதற்காகச் செய்த ஏற்பாடு, உள்ளே துரு பிடித்தபோது அதை மறைக்கும் திரையாகிவிட்டது. பாலம் சில ஆண்டுகளாகவே நகர்ந்துவந்தது செயற்கைக்கோள் ரேடார் தரவில் தெரிந்ததாக 2019-இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்தத் தரவிலிருந்து அப்படிச் சொல்ல முடியாது என்று வேறு நிபுணர்கள் மறுத்தார்கள். விழுந்த பிறகு தரவைப் பார்த்து 'அப்போதே தெரிந்திருக்கிறது' என்று சொல்வது எளிது. நிற்கும் பாலத்தைப் பார்த்து அதைச் சொல்வதுதான் கடினம். அந்த இடத்தில் 2020-இல் எழுந்த புதிய பாலத்தில் ஆய்வு ரோபோக்களையும் சென்சார்களையும் கட்டும்போதே சேர்த்துவிட்டார்கள்.

பாம்பனில் எச்சரிக்கை வந்தபோது

நம் கடற்கரைக்கு வருவோம். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம், உப்புக் காற்றோடு நூறாண்டுக்கு மேல் போராடியது. பழைய பாலத்தில் சென்னை ஐ.ஐ.டி. குழுவின் கண்காணிப்பு சென்சார்கள் பொருத்தப்பட்டன. 2022 டிசம்பரில், கப்பல்களுக்காகத் திறந்து மூடும் நடுப்பகுதியில் அந்த அமைப்பு அபாய எச்சரிக்கை காட்டியது. ரயில்வே பயணிகள் ரயிலை நிறுத்தியது. ராமேசுவரம் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்கிப் பேருந்து பிடித்தார்கள். யாத்ரீகர்களுக்குச் சிரமம், தீவு மக்களுக்கு அதைவிடச் சிரமம். 2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்தில் புதிய பாலம் திறக்கும்வரை, இரண்டு ஆண்டுக்கு மேல், பயணிகள் ரயில் தீவுக்குப் போகவில்லை.

அந்த முடிவை நான் மனதாரப் பாராட்டுகிறேன். எச்சரிக்கை வந்தது, நிறுத்த அதிகாரம் உள்ளவர்கள் நிறுத்தினார்கள். மியாமியில் நடக்காதது பாம்பனில் நடந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன், 2022 அக்டோபர் 30 அன்று, குஜராத்தின் மோர்பியில் தொங்குபாலம் அறுந்து 135 பேர் இறந்தார்கள். பழுதுபார்த்துத் திறந்து நான்கே நாள் ஆகியிருந்தது. முக்கியக் கேபிளின் 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருப்பிடித்திருந்தன என்று சிறப்புப் புலனாய்வுக் குழு சொன்னது. அந்தத் துருவைக் கண்டுபிடிக்கச் செயற்கை நுண்ணறிவு தேவையில்லை. கேபிளை ஒருவர் ஒழுங்காகப் பார்த்திருந்தால் போதும். 2025 ஜூலை 9 அன்று அதே மாநிலத்தில் மகிசாகர் ஆற்றின் கம்பீரா பாலம் இடிந்தபோதும், பாலம் மோசமாக இருக்கிறது என்று உள்ளூர் மக்கள் முன்பே முறையிட்டிருந்த செய்தி வந்தது.

கீமேனின் காது

தண்டவாளத்தில் விரிசல், கீமேன் சிவப்புக் கொடி காட்டி ரயிலை நிறுத்தினார் என்ற செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தன் எல்லைக்குட்பட்ட தண்டவாளத்தைத் தினமும் நடந்தே பார்க்கும் தொழிலாளி அவர். குளிர்காலத்தில் எஃகு சுருங்கி எங்கே விரிசல் விடும், எந்த வளைவில் கிளிப் தளரும், மழைக்குப் பிறகு எங்கே ஜல்லி இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ரயில்வே இப்போது மீயொலிக் கருவியையும், ஓடும் ரயிலிலிருந்தே தண்டவாளத்தைப் படம்பிடிக்கும் கேமரா, லேசர் அமைப்புகளையும் பயன்படுத்துகிறது. வரவேற்க வேண்டிய மாற்றம்.

ஆனால் எந்திரம் வந்ததால் ஆளைக் குறைக்கலாம் என்று யாராவது கணக்குப் போட்டால் அது ஆபத்தான கணக்கு. எந்திரத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அந்த ஆள்தான் வேண்டும். எந்திரம் 'இங்கே ஏதோ சரியில்லை' என்றால் போய்ப் பார்த்து ஆம், இல்லை சொல்லவும் அவர்தான் வேண்டும். மனிதர் இறங்கக் கூடாத இடத்துக்கு மட்டும் எந்திரம் தனியாகப் போகட்டும். நிலத்தடிக் குழாய்க்குள் ஊர்ந்து போய்ப் படம்பிடிக்கும் ரோபோக்களைச் சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சோலினாஸ் என்ற இளம் நிறுவனம் செய்கிறது. நீருக்கடியில் இறங்கி அணைச் சுவரையும் பாலத் தூணையும் பார்க்கும் எந்திரங்களை அங்கிருந்தே வந்த பிளானிஸ் நிறுவனம் செய்கிறது. சாக்கடைக்குள் மனிதரை இறக்கி உயிரைப் பறிக்கும் கொடுமைக்கு முடிவு கட்டவாவது இந்தத் தொழில்நுட்பம் விரைந்து பரவ வேண்டும்.

நீங்களும் பார்க்கலாம்

தினமும் பாலத்தைக் கடப்பவர் நீங்கள். கீழ்க்கண்டவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால், இடத்தையும் தேதியையும் குறித்து, படம் எடுத்து, நெடுஞ்சாலைத் துறைக்கோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கோ எழுதிக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.

• தூணிலோ கர்டரிலோ பழுப்பு நிறத் துருக்கறை வழிந்திருந்தால். உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கலாம்.

• கான்கிரீட் பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தால்.

• தளத்தின் இணைப்புகளில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தால், அல்லது இடைவெளி திடீரென அகன்றிருந்தால்.

• கைப்பிடிச் சுவரின் கோடு நேராக இல்லாமல் ஓரிடத்தில் தொய்ந்திருந்தால்.

• இடுக்கில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால். வேர் கல்லையும் பிளக்கும்.

• வெள்ளத்துக்குப் பிறகு தூணைச் சுற்றி மண் அரித்து அடித்தளம் தெரிந்தால்.

எச்சரிக்கைக்கு யார் பொறுப்பு?

ஆரம்பத்தில் சொன்ன மூன்று தவறுகளையும் இப்போது எடைபோடலாம். படத்தில் இருந்தும் யாரும் பார்க்காத விரிசலை எந்திரம் பார்த்துவிடும். மெம்ஃபிஸ் வகைத் தவறு பெருமளவு குறையும். பார்த்தும் பொருள் புரியாத மினியாபொலிஸ் வகையில் அது பாதி உதவும். தகடு வளைந்திருக்கிறது என்று சொல்லும். அந்தத் தகடு தடிமன் குறைந்தது, பாலத்துக்கே ஆபத்து என்று சொல்ல வடிவமைப்புக் கணக்கை எடுத்துப் பார்க்கும் பொறியாளர் வேண்டும். தெரிந்தும் நிறுத்தாத மியாமி வகைத் தவறை எந்த மென்பொருளாலும் தடுக்க முடியாது.

எனவே கருவி வாங்க ஒதுக்கும் பணத்தோடு மூன்று ஏற்பாடுகளும் சேர்ந்து வர வேண்டும்.

முதலாவது, பொறுப்பு. ஒவ்வொரு பாலத்துக்கும் எச்சரிக்கை யாருக்கு வரும், அவர் விடுப்பில் இருந்தால் அடுத்து யார், எத்தனை மணி நேரத்துக்குள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். போக்குவரத்தை நிறுத்தும் அதிகாரம் மேலதிகாரியின் அனுமதிக்காகக் காத்திராமல் அவரிடமே இருக்க வேண்டும். எச்சரிக்கை பொய்யாகிப்போனாலும் நிறுத்தியதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. ஒருமுறை தண்டித்துவிட்டால் அடுத்த அதிகாரி நிறுத்தவே மாட்டார்.

இரண்டாவது, வெளிப்படைத்தன்மை. அமெரிக்காவின் 6 லட்சத்துக்கும் அதிகமான நெடுஞ்சாலைப் பாலங்களின் ஆய்வு மதிப்பெண்களை எவரும் இணையத்தில் பார்க்கலாம். இந்தியாவிலும் 2016-இல் தொடங்கிய பால மேலாண்மைத் திட்டத்தின் கீழ் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலங்களும் சிறுபாலங்களும் கணக்கெடுக்கப்பட்டன. அந்தத் தகவல் கோப்பில் தூங்கக் கூடாது. உங்கள் ஊர்ப் பாலம் கடைசியாக எப்போது ஆய்வு செய்யப்பட்டது, என்ன மதிப்பெண், என்ன பழுது, எப்போது சரிசெய்வார்கள் என்பது பாலத்தின் தலைமாட்டில் ஒரு பலகையில் தமிழில் எழுதி நிற்க வேண்டும். கட்டியவர் பெயரும் திறந்துவைத்தவர் பெயரும் கல்வெட்டில் இருக்கும்போது, காப்பவர் பெயரும் இருக்கட்டும்.

மூன்றாவது, பராமரிப்புக்குத் தனிப்பணம். எந்திரம் நூறு பழுதைக் கண்டுபிடித்துச் சொல்லி, பத்தைச் சரிசெய்யக்கூடப் பணம் இல்லை என்றால், அடுத்த விபத்தின் விசாரணை அறிக்கையில் 'முன்பே தெரிந்திருந்தது' என்ற வரி சேரும், அவ்வளவுதான். புதுப் பாலத்துக்குக் கிடைக்கும் விழாவும் விளம்பரமும் பழைய பாலத்துக்குத் துரு நீக்கிப் பெயின்ட் அடிப்பவருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் உயிரைக் காப்பது இரண்டாவது வேலைதான்.

எந்திரக் கண்ணை வாங்கலாம், வாங்கத்தான் வேண்டும். அது காட்டும் விரிசலைப் பார்த்ததும் பாலத்தை மூடும் துணிச்சலை மட்டும் எந்த நிறுவனமும் விற்பதில்லை. அதைச் சட்டத்திலும் நிர்வாகத்திலும் நாம்தான் உருவாக்க வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்கு முன் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்: நம் ஊர்ப் பாலத்தின் கடைசி ஆய்வு அறிக்கை எங்கே?